வேகவைத்த ஸ்வெட்டர்

இவாஞ்சலின் தும்மினால் ஆரணிக் கோட்டை மைதானத்தில் மேய்கிற மாடுகள் தலை நிமிர்ந்து பார்க்கும் என்று அவள் புருஷன் டேவிட்ராஜ் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். டேவிட்ராஜ் சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துவிட வேண்டும் என்பது பஜாருக்கே தெரியும். அப்படித் தள்ளினாலும் பாதி மாடுகளாவது நிமிர்ந்திருக்கும்.

தும்மலுக்குக் காரணம் நோய் இல்லை. காரணம் சர்ச் சுவரில், பாட்டுக் குழு உட்காரும் மூலைக்கு நேர் மேலே, வெள்ளை நிறத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. பெங்களூரில் வசதியாக இருக்கும் ஏசுதாஸ், காலமான தன் அம்மாவின் நினைவாக வாங்கிக் கொடுத்த ஏ.சி. அதை எங்கே மாட்டுவது என்று கமிட்டி கூடியபோது, "கொயர் பக்கம் மாட்டுங்க, அங்கதான் அல்லாரும் பாப்பாங்க" என்று மேசையைத் தட்டியவர் டேவிட்ராஜ். காற்று நேராகக் கொயர் தலையில் விழுகிறது என்று புகார் வந்தபோது, "இதுக்கெல்லாமா மெக்கானிக்கு?" என்று சொல்லி, குடை நுனியால் அதன் வாயிலிருந்த தகட்டை நெம்பியவரும் அவரே. டிக் என்று ஒரு சத்தம் வந்தது. அதோடு தகடு உடைந்து ஒரே கோணத்தில் நின்றுவிட்டது. ஹால் முழுக்க எத்தனையோ பெஞ்சு இருக்க, காற்று மொத்தமும் இவாஞ்சலின் உட்காரும் இடத்தைத் தேடிப்பிடித்து இறங்க ஆரம்பித்தது. வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து பார்த்தான். பார்ட்ஸ் நியூ இயருக்கு அப்புறம்தான் வரும் என்றான். குடையை மட்டும் ஒரு தடவை மரியாதையாகப் பார்த்துவிட்டுப் போனான்.

சும்மா நாளாக இருந்தால் தும்மிவிட்டுப் போகலாம். ஆனால் கிறிஸ்துமஸ் கேரல் சர்வீஸ் நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த வருஷம் கடைசிப் பாட்டின் மூன்றாவது சரணத்தை இவாஞ்சலின் தனியாகப் பாட வேண்டும்.

கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற இவாஞ்சலின் கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நாளிலிருந்து கொயரில் பாடுகிறாள். இத்தனை காலமும் அவள் குரல் மற்றவர் குரலுக்கு அடியில், சேலைக்கு உள்ளே வைத்துத் தைக்கிற ஃபால்ஸ் மாதிரி இருந்தது. இல்லாவிட்டால் தெரியும், இருந்தால் தெரியாது. இந்த வருஷம்தான் கொயரை நடத்தும் பிரிஸில்லா விரலை நீட்டி, "இவா அக்கா, மூணாவது சரணம் நீங்க தனியா" என்றாள். அன்று முதல் இவாஞ்சலின் கத்தரிக்காய் நறுக்கும்போதும் பாடினாள், பால் பொங்கி வழியும்போதும் பாடினாள். பால் வழிந்ததற்காகத் திட்டு வாங்காத ஒரே வாரம் அதுதான் என்று டேவிட்ராஜ் குறித்து வைத்துக்கொண்டார்.

ஒத்திகையில் அந்தச் சரணத்தின் உச்சியில், குரல் நின்று சுழல வேண்டிய இடத்தில், தும்மல் வந்தது. அடுத்த ஒத்திகையிலும் சொல்லி வைத்தது போல அதே இடத்தில் வந்தது.

"அக்கா, தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள் பிரிஸில்லா. "சர்வீஸ் அன்னிக்கு ஆரம்பிக்கறதுக்கு முன்னால ஒருவாட்டி பாடிப் பாப்போம் இல்ல, அதுல ஒரு தும்மல் வந்தாலும் அந்தச் சரணத்த லீலா பாடட்டும்."

"சரிம்மா" என்றாள் இவாஞ்சலின். வீட்டுக்கு வந்து கத்தரிக்காய் நறுக்கினாள். பாடவில்லை. கத்தி பலகையில் படுகிற சத்தம் மட்டும் கேட்டது. டேவிட்ராஜுக்கு அந்தச் சத்தத்தில் தன் குடையின் டிக் கேட்டுக்கொண்டே இருந்தது.

உடனே பஜாருக்கு ஓடினார். சாம்பல் நிறத்தில் ஒரு மப்ளர் வாங்கி வந்து நீட்டினார்.

இவாஞ்சலின் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதக் கட்டிகினு நின்னா பாட வந்தவ மாதிரியா இருக்கும்? ஏ.டி.எம். வாட்ச்மேன் மாதிரி இருக்கும்."

"சால்வ போத்திக்கயேன்."

"ரெண்டு கையாலயும் புக்கப் புடிக்கணும். சால்வய யார் புடிப்பாங்க, நீங்களா?" சொல்லிவிட்டு, வழக்கமாகச் சொல்லாத ஒன்றையும் சேர்த்தாள். "எல்லாத்தையும் கடையில வாங்கிகினே வந்துடறீங்க. உங்க கையால எனக்கு ஒரு பொத்தான் தெச்சிக் குடுத்திருப்பீங்களா இதுவரைக்கும்?"

டேவிட்ராஜ் யோசித்துப் பார்த்தார். பட்டுக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றின் சாயப் பிரிவில் சூப்பர்வைசராகக் காலம் தள்ளியவர் அவர். பெண்டாட்டிக்கு அவர் கொடுத்த பட்டுச் சேலைகளுக்குக் கணக்கில்லை. அத்தனையும் பார்டர் கோணல், சாயம் திட்டு, விலை பாதி என்று சங்கம் தள்ளி வைத்தவை. பொத்தானா? ஒரு பொத்தானுக்கும் சாட்சி கிடைக்கவில்லை.

அப்போதுதான் அவர் அந்தச் சபதத்தை எடுத்தார். பின்னல் ஊசியால் தன் கையாலேயே இவாவுக்கு ஒரு ஸ்வெட்டர். கொயர் சேலை சந்தன நிறம், அரக்கு பார்டர். ஸ்வெட்டரும் அரக்கு. பார்த்தவர்கள் இது எந்த நாட்டு ராணி வீட்டுச் சொத்து என்று கேட்க வேண்டும். அதுவரை அவர் கை பின்னியது ஒன்றுமில்லை. தன் ஷூ லேஸைக்கூட அவர் ஒழுங்காகக் கட்டியது கிடையாது.

ஜெயவேலின் ஃபேன்சி ஸ்டோருக்குப் போனார். ஜெயவேல் உல்லன் நூல் பந்துகளைக் கலர் கலராக எடுத்துப் போட்டான். டேவிட்ராஜ் ஒரு இழையை உருவினார். சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தார்.

இது ஆரணிக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை. நல்ல பட்டு எரிந்தால் தலைமுடி கருகுகிற வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். கலப்படம் என்றால் உருகி மணியாக உருளும். மற்றவர்கள் சந்தேகம் வந்தால் கொளுத்திப் பார்ப்பார்கள். டேவிட்ராஜுக்குச் சந்தேகமே தேவையில்லை. கல்யாண வீடுகளில் அவர் மேடை ஏறினால் பெண் வீட்டார் மணப்பெண்ணின் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள்.

"சார், சார்! இன்னா சார் பண்றீங்க!" ஜெயவேல் கல்லாவைத் தாண்டிக் குதித்தான். "கட பூரா பிளாஸ்டிக் பூவும் பலூனும் சார்! ஒரு பொறி வுழுந்தா ரெண்டு பேரும் ஒண்ணா மேல போவணும். அங்க போனாலும் உங்க கேட்டு வேற, என் கேட்டு வேற சார்!"

இழை சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகி நின்றது. டேவிட்ராஜ் அதைக் குற்றவாளியைப் போலத் தூக்கிக் காட்டினார். "இது நூலா ஜெயவேலு? பக்கெட்ட உருக்கி நீட்டி வுட்டிருக்கான்."

"அல்லாரும் இதத்தான் சார் வாங்கிகினு போறாங்க. கொழந்தைக்குத் தொப்பி போடறாங்க, போனுக்குப் பை போடறாங்க. இதுவரைக்கும் ஒருத்தர்கூட கொளுத்திப் பாக்கல சார்."

கடையைக் காப்பாற்ற வேறு வழி தெரியாமல், ஊட்டியில் தனக்குத் தெரிந்த ஒருவரிடம் சொல்லி, அசல் ஆட்டுக் கம்பளி நூலை வரவழைத்தான் ஜெயவேல். பார்சல் வந்த அன்று டேவிட்ராஜைக் கடைக்குள் விடவில்லை. பந்தையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு அவனே தெருவுக்கு வந்தான். "ரோட்ல வெச்சிக் கொளுத்திக்குங்க சார், ஜல்தி."

டேவிட்ராஜ் கொளுத்தினார், முகர்ந்தார், கண்ணை மூடினார். முடி கருகும் வாசனை! சாம்பலும் பொடிந்தது. நடுரோட்டில் ஆட்டோக்கள் ஹார்ன் அடிக்க, அவர் உலகத்துக்கு அறிவித்தார்: "பட்டும் இதுவும் ஒரு வயித்துப் புள்ளைங்க!"

இந்த ஒரு வாக்கியம்தான் பின்னால் அந்த ஸ்வெட்டரை விழுங்கப்போகிறது. அன்றைக்கு அது ஞானம் மாதிரி இருந்தது.

வீட்டில் பின்னினால் குட்டு உடைந்துவிடும். அதனால் எதிர்வீட்டு லோகநாதனின் தறிக்கூடத்தில் ஒரு ஓரமாக ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். லோகநாதன் கல்யாணச் சேலை நெய்கிறவர், சின்ன வயதுச் சிநேகிதர், சிரிக்காமலே கேலி செய்யத் தெரிந்தவர். போனில் ஒரு கோயமுத்தூர்ப் பெண் பின்னல் சொல்லிக் கொடுத்தாள். "ரொம்ப ஈஸி ஃப்ரெண்ட்ஸ்" என்று அவள் சொல்லும்போதெல்லாம் டேவிட்ராஜ் போனைக் கவிழ்த்து வைத்தார்.

முதலில் சதுரம் போடப் போனார், புனல் வந்தது. அடுத்ததாகக் கை போட்டார். அது நிற்காமல் வளர்ந்து, யானை தும்பிக்கையை விட்டால் இன்னும் கொஞ்சம் இடம் மீதியிருக்கும் அளவுக்கு வந்தது.

"இன்னா டேவிட்டு, மீன் புடிக்கவா?" என்றார் லோகநாதன், தறியில் நாடாவை ஓடவிட்டபடியே. "கமண்டல நதியில தண்ணியே இல்லியேப்பா."

"ஸ்வெட்டருடா."

"யாருக்கு?"

"இவாவுக்கு."

லோகநாதன் தறியை நிறுத்திவிட்டுத் தும்பிக்கையை ஒரு நிமிஷம் பார்த்தார். "தங்கச்சி உனக்கு அப்பிடி இன்னா பண்ணிச்சி?"

ஆனால் நாலைந்து நாளில் ஒரு மாயம் நடந்தது. கை பழகிவிட்டது. ஊசியின் கொக்கி நூலைக் கவ்வும், ஒரு கண்ணிக்குள்ளிருந்து இன்னொரு கண்ணியை வெளியே இழுக்கும், அந்தக் கண்ணி அடுத்ததற்கு வாசலாகும். அவ்வளவுதான் வேலை. அதற்குள் இத்தனை சுகம் இருக்கும் என்று டேவிட்ராஜுக்கு யாரும் சொல்லவில்லை. விரலிடுக்கில் நூல் பூனைக்குட்டி மாதிரி உரசிக்கொண்டு ஓடியது. ரத்த அழுத்த மாத்திரையையே மறந்துபோனார். டாக்டர் கேட்டால், மாத்திரைக்குப் பதிலாக நூல் பந்தை எழுதிக் கொடுங்கள் என்று வாதாடத் தயாராக இருந்தார்.

எல்லாவற்றையும்விட அவருக்குப் பிடித்தது பிரிப்பது. பட்டில் ஒரு இழை அறுந்தால் லோகநாதன் முகத்தைப் பார்க்க முடியாது. இங்கே எத்தனை வரிசை கோணலாகப் போனாலும் சரி, நுனியைப் பிடித்து இழுத்தால் சர்ரென்று பிரிந்து, நடந்ததையெல்லாம் மறந்துவிட்டு, மறுபடி பந்தாக உட்கார்ந்துகொள்கிறது. இத்தனை பெருந்தன்மையான ஒரு ஜீவனை அவர் ஆபீஸில் ஒரு நாளும் பார்த்ததில்லை.

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. சலூனில் பின்னினார். ரேஷன் கடை வரிசையில் பின்னினார். சந்தவாசலுக்கு ஒரு துக்கத்துக்குப் போனபோது பஸ்ஸிலும் பின்னினார். கண்டக்டர் அவர் கையையே பார்த்துக்கொண்டு விசிலை மறந்துவிட, பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போய் நின்றது. துக்க வீட்டில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் நடுவில் நிறுத்தி, "இது இன்னா பின்னலுங்க?" என்று கேட்டுவிட்டுத் தொடர்ந்து அழுதார்கள் என்பது மட்டும் அவராகச் சேர்த்துக்கொண்டது.

கொடியில் காய்ந்த ஜாக்கெட்டை வைத்து அளவெடுத்தார். சாயங்காலங்களில் வீட்டுக்கு அப்பாவி முகத்தோடு திரும்பினார்.

"உங்க மீசையில இன்னாங்க, அரக்கு கலர்ல?" என்றாள் இவாஞ்சலின் ஒரு நாள்.

"பீட்ரூட்டு."

"நம்ம வீட்ல பீட்ரூட் செஞ்சி ஒரு மாசம் ஆவுதே."

"லோகநாதன் வீட்ல."

"ஓ. அவரு வீட்ல பீட்ரூட்டு நூல் நூலா வருதா?" என்று கேட்டுவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள். கணக்கு டீச்சர். விடை தெரிந்தாலும் வழிமுறையை மாணவனே எழுதட்டும் என்று விட்டுவிடுகிற பழக்கம்.

கேரல் சர்வீஸ் அன்று காலை ஸ்வெட்டர் முடிந்தது. முன்பக்கம் திறந்த மாடல், கழுத்தைச் சுற்றிச் சின்ன வளைவுகள், முன்னால் வரிசையாகப் பொத்தான். பொத்தான் ஒவ்வொன்றையும் விரலைக் குத்திக் குத்தி அவரே தைத்திருந்தார். தறிக்கூடத்தில் தொங்கவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். ஒரு கை மற்றதைவிடக் கொஞ்சம் நீளம். மடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்? நிஜமாகவே அழகாக இருந்தது. அந்த இடத்தில் அவர் ஊசியைக் கீழே வைத்து, வாயை மூடி, ஸ்வெட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்கு நடந்திருந்தால் இந்தக் கதையே கிடையாது.

லோகநாதன் இறங்கி வந்து கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தேய்த்துப் பார்த்தார். ஆரணியில் எதையும் கண்ணால் பார்த்து முடிவு செய்வதில்லை.

"சோக்காத்தான் கீது" என்றார். "ஆனா சொரசொரன்னு கீதேப்பா. மினுக்கும் இல்ல."

"ஆமா இல்ல?"

"வேகவெச்சியா?"

டேவிட்ராஜ் நெற்றியில் அறைந்துகொண்டார். எப்படி மறந்தார்! காலமெல்லாம் செய்த வேலை அல்லவா? தறிக்குப் போகும் பட்டு நூல் முதலில் பசையோடு முரடாகத்தான் இருக்கும். சோப்பும் சோடாவும் போட்ட தண்ணீரில் கொதிக்கக் கொதிக்க வேகவைத்தால் பசை கழன்று, வழவழவென்று, கண்ணைப் பறிக்கிற மினுமினுப்பு வரும். வேகாத நூலை ஆரணியில் நூல் என்றே மதிப்பதில்லை. அப்படியிருக்க, பட்டும் கம்பளியும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று நடுரோட்டில் நிரூபித்தவர், ஒரு பிள்ளையைக் குளிப்பாட்டி இன்னொன்றை அழுக்காக விட்டுவிடலாமா?

லோகநாதன் வீட்டுப் பின்பக்கம் அண்டா ஏறியது. டேவிட்ராஜ் சோப்பைச் சீவிப் போட்டார், சோடாவைக் கையால் அள்ளிப் போட்டார். தண்ணீர் தளதளவென்று கொதித்தபோது ஸ்வெட்டரை இறக்கிக் கழியால் புரட்டினார். பழைய அதிகாரம் தோளில் வந்து உட்கார்ந்துகொண்டது. "தீய ஏத்து! கழிய நிறுத்தாத!" என்று, கழியைப் பிடித்திருந்த தனக்கே உத்தரவு போட்டார். இவாவின் சரணத்தையும் இடையில் பாடினார், அவளுக்குத் தெரியாத ராகத்தில். பிறகு எடுத்துக் குளிர்ந்த போர்த் தண்ணீரில் முக்கினார். பட்டுக்குச் செய்வதையெல்லாம் செய்துவிட்டு, பாசம் மேலிட்டு, பட்டுக்குச் செய்யாததையும் செய்தார். துவைக்கிற கல்லில் வைத்து நன்றாக அறைந்தார்.

பிழிந்து, உதறி, தூக்கிப் பிடித்தார்.

உள்ளே போனது இவாஞ்சலின் அளவு. வெளியே வந்தது அவள் கையிடுக்கில் வைத்துக்கொள்ளும் அளவு. கண்ணிகளைக் காணோம். அத்தனை நாள் அவர் திறந்து வைத்த வாசல்களெல்லாம் ஒட்டுமொத்தமாக அடைத்துக்கொண்டு, காளவாயிலிருந்து எடுத்த ஓடு மாதிரி ஒரே கெட்டிக் கம்பளமாகியிருந்தது. இரண்டு கைகளும் விறைத்துக்கொண்டு பக்கத்துக்கொன்றாக நீட்டி நின்றன, டிராஃபிக் போலீஸ் மாதிரி. உடம்பு ஒடுங்கிய அளவுக்குக் கைகள் ஒடுங்கவில்லை. தும்பிக்கை வம்சம் அல்லவா?

லோகநாதன் இரண்டு விரலால் அதையும் தேய்த்துப் பார்த்தார். கடைசியில் நெசவுக்காரராகத் தன்னால் சொல்ல முடிந்த ஒரே ஆறுதலைச் சொன்னார்.

"கலரு நிக்குது."

"இது யாருக்குடா ஆவும்?"

"ஆட்டுக்குட்டிக்கு ஆவும்."

"அதுக்குத்தான் ஏற்கெனவே கம்பளி கீதே!"

டேவிட்ராஜ் நுனியைத் தேடினார். அவருக்குத் தெரிந்த மருந்து அது ஒன்றுதான்: இழுத்தால் பிரிந்துவிடும், எல்லாம் மறந்துபோகும், மறுபடி ஆரம்பிக்கலாம். நகத்தால் கீறினார், பல்லால் கடித்தார். ஒரு இழை வரவில்லை. அந்தப் பெருந்தன்மையான ஜீவன் இந்த ஒன்றை மட்டும் மன்னிப்பதாக இல்லை. கல்மேல் உட்கார்ந்துவிட்டார். லோகநாதன் கேலியை நிறுத்திவிட்டு, "வெயில்ல போட்டுப் பாப்போம்" என்றார். மத்தியானம் வரை வெயிலில் போட்டார்கள். காய்ந்து இன்னும் விறைத்தது.

சாயங்காலம் டேவிட்ராஜ் அதை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தார். இவாஞ்சலின் சந்தன நிறச் சேலையில், பாட்டுப் புத்தகத்தோடு தயாராக நின்றாள்.

"பின்னால இன்னாங்க?"

"கால் மிதியடி."

"காட்டுங்க."

வாங்கிப் பார்த்தாள். திருப்பினாள். கழுத்து வளைவு தெரிந்தது. கைகள் தெரிந்தன. விரலால் தடவிக்கொண்டே வந்தவள் பொத்தானில் நின்றாள்.

"பொத்தான் வெச்சிருக்கீங்க."

"நானேதான் தெச்சன்." டேவிட்ராஜ் தரையைப் பார்த்தார். "அழகா வந்திச்சி இவா. சத்தியமா அழகா வந்திச்சி. வேகவெச்சிட்டன்."

"இன்னா பண்ணீங்க?"

"சோப்பும் சோடாவும் போட்டு."

இவாஞ்சலின் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். அந்த ஒற்றல் சிரிப்புக்கு மட்டும்தானா என்று டேவிட்ராஜால் கண்டுபிடிக்க முடியவில்லை. "எடுத்துகினு வாங்க" என்றாள். "தோள்மேல வெச்சிப் பாக்கறன். எவ்ளோ நேரம் நிக்குதோ நிக்கட்டும்."

சர்ச் நிரம்பிக்கொண்டிருந்தது. ஏசுதாஸ் குடும்பத்தோடு பெங்களூரிலிருந்து வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, அம்மாவின் பெயர் பொறித்த பலகையையும் அதன்மேல் ஓடும் ஏ.சி.யையும் பெருமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொல்ல யாருக்கு மனசு வரும்? கூட்டமும் அப்படி, நிறுத்தினால் பாதிப் பேர் மயங்கி விழுவார்கள். இவாஞ்சலின் தன் இடத்தில் நின்று, அரக்குக் கம்பளத்தைத் தோளில் வைத்தாள். அது திறந்த புத்தகம் மாதிரி ஒரு கணம் நின்றது. பிறகு சறுக்கி விழுந்தது. டேவிட்ராஜ் குனிந்து எடுத்துக்கொண்டார்.

"ஒருவாட்டி பாடிடலாம்" என்று பிரிஸில்லா கையைத் தூக்கினாள். லீலா புத்தகத்தை எடுத்துத் தயாராக வைத்துக்கொண்டாள்.

முதல் சரணம் போயிற்று. இரண்டாவது போயிற்று. இவாஞ்சலின் தனியாக ஆரம்பித்தாள். குரல் படி ஏறியது. ஏறும்போதே டேவிட்ராஜ் கவனித்துவிட்டார்: மூக்கின் நுனி சிவக்கிறது. இடது கண் சுருங்குகிறது. இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவருக்கு மழைக்கு முந்தின காற்று மாதிரி அது தெரியும். அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் ஏறினார். ஏன் ஏறினார் என்று பிற்பாடு எத்தனையோ பேரிடம் எத்தனையோ விதமாக விளக்கினார். ஆனால் அப்போது அவர் ஒன்றும் யோசிக்கவில்லை. கையில் இருந்ததை அப்படியே ஏ.சி.யின் வாய்க்குக் கீழே நீட்டினார்.

காற்று அதில் மோதித் திரும்பியது. மெத்தென்ற ஸ்வெட்டராக இருந்திருந்தால் படபடத்துத் தொங்கியிருக்கும். இது சோடா போட்டு வெந்த சரக்கு. கடை வாசலில் இறக்கிவிட்ட தகரம் மாதிரி அசையாமல் நின்றது. இவாஞ்சலினின் மூக்கு வரை வந்த தும்மல் வழி தெரியாமல் திரும்பிப் போயிற்று. குரல் உச்சியில் நின்று, சுழன்று, இறங்கியது.

பிரிஸில்லா அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். "டேவிட் அங்கிள்! அங்க இன்னா பண்றீங்க?"

"ஏ.சி.க்குக் குளுருதும்மா. ஸ்வெட்டர் போட்டு வுடறன்."

ஒரு தும்பிக்கையை ஜன்னல் கம்பிகளுக்கு இடையில் செருகினார். இன்னொன்றை ஏ.சி.யின் பைப்புக்குப் பின்னால் இறுக்கிச் செருகினார். பொத்தான்கள் வரிசையாகச் சபையைப் பார்த்தன. முன்வரிசையில் ஏசுதாஸ் எழுந்தார். டேவிட்ராஜுக்கு நாற்காலியிலேயே வியர்த்தது. ஏசுதாஸ் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "எங்கம்மாவுக்கும் அரக்குன்னா உசுருங்க" என்று சொல்லி உட்கார்ந்துகொண்டார். பிரிஸில்லா லீலாவைப் பார்த்தாள். லீலா சிரித்துக்கொண்டே புத்தகத்தை மூடினாள்.

டேவிட்ராஜ் இறங்கி, கமிட்டிக்காரர்களுக்கென்று போட்டிருக்கும் பெஞ்சில் ஜம்மென்று போய் உட்கார்ந்தார். உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. திருப்பிவிட்ட காற்று எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? அது கொயரின் தலைக்கு மேலாக, ஆயரைத் தாண்டி, ஹாலைக் கடந்து, யாரோ அட்ரஸ் எழுதிக் கொடுத்த மாதிரி நேராக அவர் மூக்குக்கு வந்து சேர்ந்தது. தன் வேலைப்பாட்டின் துல்லியத்தை அவராலேயே மெச்சாமல் இருக்க முடியவில்லை.

சர்வீஸ் தொடங்கியது. கடைசிப் பாட்டு வந்தது. இவாஞ்சலின் தனியாகப் பாட எழுந்தபோது டேவிட்ராஜின் மூக்குக்குள் எறும்பு ஊர ஆரம்பித்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டார். சித்திரை மாதத்து ஆரணி வெயிலை நினைத்துக்கொண்டார். கொதிக்கிற அண்டாவை நினைத்துக்கொண்டார். அவள் குரல் ஏறியது. வீட்டில் கத்தரிக்காயோடும் பாலோடும் கேட்ட அதே குரல்தான். ஆனால் இங்கே அதன் மேல் வேறு எந்தக் குரலும் மூடியிருக்கவில்லை. பின்பெஞ்சில் குழந்தைகளுக்கு விசிறிக்கொண்டிருந்தவர்கள் விசிறுவதை நிறுத்தினார்கள். டேவிட்ராஜின் கண்ணில் நீர் முட்டியது. அடக்கிய தும்மலாலா, பாட்டாலா என்று அவரைக் கேட்டால் இரண்டும் என்பார். கேட்பது லோகநாதனாக இருந்தால் தும்மல் மட்டும்தான்.

அவள் கடைசிச் சொல்லை முடித்தாள். மொத்தக் கொயரும் ஓங்கிச் சேர்ந்துகொண்டது. அந்த ஓசைக்கு உள்ளே டேவிட்ராஜ் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டார். அன்றைக்குக் கோட்டை மைதானத்தில் மாடுகள் தலை நிமிர்ந்தன என்றால், அதற்கு இவாஞ்சலின் பொறுப்பில்லை.

வெளியே கேக்கும் காப்பியும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வாழ்த்துச் சொல்ல வந்தவர்கள் நடுவிலிருந்து இவாஞ்சலின் மெல்ல விலகி வந்தாள். டேவிட்ராஜ் வேப்பமரத்தடியில் நின்று தொடர்ந்து தும்மிக்கொண்டிருந்தார். அவள் பையைத் திறந்து சாம்பல் நிற மப்ளரை எடுத்து, அவர் கழுத்தில் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

"நில்லுங்க, வாட்ச்மேன்."

"ஏ.டி.எம்.முக்கு லீவு" என்று சொல்லி மறுபடி தும்மினார்.

"எனக்குன்னு போட்டத அது போட்டுகினு நிக்குது" என்று சர்ச் பக்கம் தலையைக் காட்டினாள். "அப்ப எனக்கு?"

"ஜெயவேல்கிட்ட நூல் சொல்லியாச்சு. இந்தவாட்டி ரெண்டு கையும் ஒரே நீளம்."

"போடுங்க." அவள் தன் காப்பியை அவர் கையில் கொடுத்தாள். "சோடா டப்பாவும் தீப்பெட்டியும் நாளையிலருந்து என் பீரோவுல."

"தீப்பெட்டி எதுக்கு? நூலு அசலான்னு பாக்க வேணாமா?"

"குடையும்" என்றாள் இவாஞ்சலின்.